கை நீட்டினால் சீனி

அடியே,

இன்றைக்குப் பதுளை பஜாரில் துணிக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். முதலாளி ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை உதறி மேசையில் விரித்தார். புதுத்துணியின் கஞ்சி வாடை வந்து முகத்தில் அடித்தது. அவ்வளவுதான், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "என்னா டீச்சர், துணி புடிக்கலியா?" என்று அவர் கேட்கிறார். துணிக்கு என்ன குறை? விரிப்பின் ஓரத்தைத் திருப்பி, தையலை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "மூணு தடவ கழுவினா இது பல்ல இளிச்சிரும் மொதலாளி" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல நீ பக்கத்தில் இல்லையே என்றுதான் நின்றேன். பிறகு நானே திருப்பினேன், நானே சுரண்டினேன். உன் அளவுக்கு எனக்கு அது வரவில்லை. ஆனாலும் அவர் உள்ளே போய் வேறு விரிப்பு எடுத்து வந்தார்.

விரிப்பு எதற்கென்று உனக்குத் தெரியும். எங்கள் பள்ளிக்கூடத்து விசேட கல்விப் பிரிவில் நீ சண்டை பிடித்துப் போடவைத்த கட்டில் இன்னும் அந்த மூலையில்தான் கிடக்கிறது. வகுப்பறைக்குள் கட்டில் வருவதைப் பார்த்து எங்கள் அதிபர் திகைத்துப்போய் நின்றது ஞாபகமிருக்கிறதா? "படத்துல கட்டில் காட்டிப் படிச்சுக் குடுத்தா, புள்ளைக படத்துலதான் விரிக்கும் சேர்" என்று நீ சொன்னாய். பிள்ளைகள் விரித்து விரித்து, மடித்து மடித்து, பழைய விரிப்பு நைந்துபோய்விட்டது. அதனால்தான் கடைக்குப் போனேன். போன இடத்தில் இப்படி ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை, உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். எனக்குப் படிப்பு ஏறியது, டீச்சரானேன். உனக்கு வாய்தான் ஏறியது. பரீட்சை எழுதிய கையோடு டுபாய்க்குப் போனாய். பெரிய ஹோட்டலில் அறைகளைத் துப்புரவு செய்கிற வேலை. இளமை முழுக்க அங்கேயே போயிற்று. கல்யாணப் பேச்சு எடுத்தால், "கட்டில் விரிச்சு விரிச்சுக் கட்டிலக் கண்டாலே வெறுப்பா இருக்குடி" என்று என் வாயை அடைத்துவிடுவாய். லீவில் வரும்போதெல்லாம் சாக்லேட்டோடு கதையும் கொண்டுவருவாய். அதில் ஒரு கதையை மட்டும் சிரிக்காமல் சொல்வாய். விருந்தாளிகளுக்கு ஒரு லிஃப்ட், வேலையாட்களுக்குப் பின்பக்கம் வேறொரு லிஃப்ட். விருந்தாளி வருகிற சத்தம் கேட்டால் ஓரமாக ஒதுங்கிவிட வேண்டும். "ரூமு பளபளன்னு இருக்கணும். ஆனா பளபளப்பாக்கினவ கண்ணுல படக்கூடாது. நாங்க என்னா பேயாடி?" என்று கேட்டாய்.

ஊருக்குத் திரும்பி வந்தபிறகு உனக்கு வேலை கிடைத்த இடம் எப்பேர்ப்பட்ட இடம்! எல்ல ஊர்ப் பக்கத்து மலையில், வெள்ளைக்காரத் துரைமார் இருந்த பழைய பங்களா. இப்போது ஹோட்டல். அறைகள் பகுதி முழுக்க உன் பொறுப்பு. நம் அம்மாமார் அந்த மாதிரிப் பங்களாக்களுக்கு விறகோ கீரையோ கொண்டுபோனால் குசினிப் பக்கக் கதவோடு சரி. வேலைக்குப் போன முதல் நாளே எனக்கு ஃபோன் போட்டாய். "முன்வாசப் படியேறிப் போனேன்டி. செருப்போட போனேன்" என்றாய். அழுதாயா சிரித்தாயா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு ஒருநாள் பஜாருக்கு வந்த வழியில் என் வகுப்பை எட்டிப் பார்த்தாய். பிள்ளைகள் 'தொழில்கள்' என்று படம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்டர், பொலிஸ், தபால்காரர், விமானம் ஓட்டுகிறவர். நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாய்.

"ஏன்டி, இதுல ஒரு ரூம் சுத்தம் பண்றவளக் காணோமே? ஒரு சமையக்காரன் இல்ல, தட்டு ஏந்துறவன் இல்ல. எல்லயிலருந்து பண்டாரவளை வரைக்கும் ஹோட்டலா மொளைச்சுக் கெடக்கு. ஒனக்குக் கண்ணு தெரியாதா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "இந்தப் புள்ளைகளப் பத்தி ஒனக்கு என்னா தெரியும்? சப்பாத்துக்கு லேஸ் கட்டப் பழக்கவே எனக்கு ஒரு வருசம் போகுது" என்றேன்.

"அப்ப லேஸ் இல்லாத சப்பாத்து வாங்கிப் போட்டுட்டு மத்ததப் பழக்கு" என்றாய். இப்படி ஒருத்தியோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

அந்த நேரம் ஜன்னலோரமாக உட்கார்ந்து, விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டிருந்தவள்தான் தர்ஷினி. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த பிள்ளை. பேச்சு நிதானமாக வரும். ஒன்றைப் புரிந்துகொள்ள நேரமெடுப்பாள். புரிந்துவிட்டால் நாம் தலைகீழாக நின்றாலும் அதை மாற்ற மாட்டாள். அந்த வருஷ முடிவோடு வயது காரணமாக எங்கள் பிரிவில் அவளுக்கு இடம் இல்லாமல் போகவிருந்தது. அதற்குப் பிறகு என்ன? அவள் அம்மா ராஜேஸ்வரி தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். அப்பா கொழும்புக்கு வேலைக்குப் போனவர், போனவர்தான். பிள்ளையை எங்களிடம் சேர்ப்பதற்கு முன்பு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்துக்குப் புறப்படும்போது, லயத்து ஒற்றையறைக் காம்பராவுக்குள் அவளை விட்டுப் பூட்டிவிட்டுத்தான் அந்த அம்மா மலைக்குப் போவார். "வேற என்னாங்க டீச்சர் செய்ய? தொறந்து விட்டா நேரா ரயில் பாதைக்குப் போயிருது" என்று என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார். கெட்ட தாய் இல்லை, வழி இல்லாத தாய். வருஷம் முடிந்தால் திரும்பவும் அந்தப் பூட்டுத்தான்.

இதை நான் உன்னிடம் சொன்னபோது பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தோம். நீ அப்படியே நின்றுவிட்டாய். "பூட்டா?" என்று மட்டும் கேட்டாய். வீடு போய்ச் சேரும்வரை வேறொன்றும் பேசவில்லை. உன்னை அவ்வளவு நேரம் பேசாமல் நான் பார்த்ததே கிடையாது. அடுத்த நாள் உங்கள் மேனேஜர் மாத்தயாவின் அறைக்குள் போய் நின்றிருக்கிறாய்.

மாத்தயாவைக் குறை சொல்ல மாட்டேன். சிங்களத்தில் மெதுவாகப் பேசுகிற, சட்டை கசங்காத மனுஷர். "பிள்ளைகள் ஒருநாள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போகட்டுமே, கேக் கொடுத்து அனுப்புவோம்" என்றாராம். "சுத்திப் பாக்க இது என்னா மிருகக்காட்சிச்சாலையா? கை வைக்க விடணும் மாத்தயா" என்று நீ சொல்லியிருக்கிறாய். வாரத்தில் ஒருநாள் வரலாம், விருந்தாளிகள் கண்ணில் படாமல் வேலை பழகலாம் என்று அவர் ஒப்புக்கொண்டார். கண்ணில் படாமல் என்ற பேச்சை நீ அன்றைக்கு விழுங்கிக்கொண்டாய். விழுங்கியது செரிக்கவில்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதல் நாள் வேனில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்தேன். காவலாளி பின்பக்கப் பாதையைக் காட்டினார். நீ முன்படியில் நின்றுகொண்டு, "இந்தப் பக்கம்! இந்தப் பக்கம்!" என்று கை வீசினாய். மழைச் சேறு அப்பிய சப்பாத்துகளைக் கழற்றச் சொன்னேன். "தரைய கழுவுறது ஒன் அப்பனா? நான்தானே" என்றாய்.

சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு நீ ஒரு வார்த்தை பாடம் நடத்தவில்லை. பிள்ளைகளை ஒவ்வோர் இடமாகக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, வேலையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நீ பேசாமல் நின்றாய். வரவேற்பு மேசையில் ஃபோன் அடித்ததும் கிஷோர் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்துவிட்டான். சத்தம் என்றால் அவனுக்கு ஆகாது. நான் பதறினேன். நீ அவனைத் துணி மடிக்கிற அறைக்குக் கூட்டிப் போனாய். அங்கே மூலைக்கு மூலை பொருத்தித் துவாய் மடிக்கத் தொடங்கியவனைச் சாப்பாட்டுக்குக்கூடக் கிளப்ப முடியவில்லை. குசினியில் கரட் சீவ விட்ட பிள்ளை பாதியைத் தின்றே தீர்த்தது. "இது சமைக்க ஆகாது, ருசி பாக்கத்தான் ஆகும்" என்று நீ சிரித்தாய். நான் பக்கத்தில் நின்று, யாருக்கு எது வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "எது வருதுன்னு பாக்காதடி. எத விட்டு நகர மாட்டேங்குதுகளோ அதப் பாரு" என்றாய்.

தர்ஷினியை எங்கே விட்டாலும் அவள் விறாந்தைக்கு வந்து நின்றாள். அங்கேதான் விருந்தாளிகள் பிரம்பு நாற்காலிகளில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார்கள். தட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "நான் குடுக்கிறேன்" என்றாள். திரும்பக் குசினிக்குக் கூட்டிப் போனோம். திரும்ப வந்து நின்றாள். "நான் குடுக்கிறேன்."

மாத்தயா முடியாதென்று தலையை ஆட்டிவிட்டார். குசினி, துணி மடிக்கிற அறை, தோட்டம், எங்கே வேண்டுமானாலும் சரி, முன்பக்கம் மட்டும் வேண்டாம், வருகிறவர்கள் சங்கடப்படுவார்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தன்மையாகத்தான் சொன்னார். உன் முகத்தைப் பார்த்தேன். டுபாய் லிஃப்ட் கதை சொல்லும்போது வருமே, அந்த முகம். "ஒரு தடவ பாருங்க மாத்தயா. நான் பழக்கித் தாறேன்" என்றாய். ஒரே ஒரு தடவை என்று அவர் சொன்னார். சரிவந்தால் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதாகவும், இல்லாவிட்டால் இந்தப் பேச்சை விட்டுவிட வேண்டுமென்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு என் வகுப்பறை ஹோட்டலானது. நானும் மற்றப் பிள்ளைகளும் விருந்தாளிகள். தர்ஷினி தட்டோடு வருவாள். தட்டு ஆடாமல் நடக்க அவள் பழகிய வேகத்தைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். சிக்கல் வேறு இடத்தில் வந்தது. சீனி போடவா என்று கேட்க வேண்டும். அவள் கேட்க மாட்டாள்.

"கேக்கணும்டி தங்கம். கேட்டுத்தான் போடணும்" என்று நீ சொன்னாய்.

"கேட்டா வேணாம்னுதானே சொல்வாங்க" என்றாள் தர்ஷினி.

அவள் சொன்னதில் என்ன பிழை? நம் வீடுகளில் வந்தவர்களிடம் யார் கேட்கிறார்கள்? கேட்டால், "இல்லங்க, இப்பத்தான் குடிச்சேன்" என்று சொல்லத்தான் செய்வார்கள். கேட்காமல் கொண்டுவந்து கையில் கொடுப்பதுதான் நமக்குத் தெரிந்த மரியாதை. இருந்தாலும் நீ விடாமல் பழக்கினாய். கடைசியில், "சீனி?" என்று அழகாகத் தலை சாய்த்துக் கேட்கக் கற்றுக்கொண்டாள்.

அந்த நாள் வந்தது. விறாந்தையில் கொழும்பிலிருந்து வந்த வயதான தம்பதி. நீயும் நானும் கதவுக்குப் பின்னால். தர்ஷினி வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, தட்டோடு போனாள். ஆடவில்லை, சிந்தவில்லை. கோப்பைகளை வைத்தாள். கரண்டியில் சீனியை எடுத்துக்கொண்டு, பழக்கியபடியே, "சீனி?" என்று கேட்டாள். அந்த ஐயா ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமலே, வேண்டாம் என்பதற்கு உள்ளங்கையை விரித்து அவள் பக்கம் நீட்டினார்.

நீட்டிய கையில், தர்ஷினி அந்தக் கரண்டிச் சீனியைப் பக்குவமாக வைத்தாள். வைத்துவிட்டு, "குடிங்க" என்றாள்.

வேறென்ன செய்வாள்? லயத்தில் பால் இல்லாத சாயத் தேத்தண்ணிக்குச் சீனி கலக்கிற வழக்கம் ஏது? உள்ளங்கையில் வாங்கி, கொஞ்சம் நக்கி, ஒரு மிடறு குடிப்போம். அவள் பிறந்ததிலிருந்து பார்த்த கைகளெல்லாம் சீனிக்காக நீண்ட கைகள்தான். அந்த ஐயாவுக்கு அது எப்படித் தெரியும்? துள்ளி எழுந்தார். சீனி மடியில் கொட்டியது, ஃபோன் கீழே விழுந்தது, கோப்பை சரிந்தது. அவர் மனைவி கடதாசித் துண்டால் அவர் கையைத் துடைத்துக்கொண்டே மாத்தயாவைக் கூப்பிட்டார். தர்ஷினி கரண்டியோடு அப்படியே நின்றாள். "கை நீட்டினாருல்ல?" என்று அவள் கேட்டது எனக்கு இன்னும் காதில் கிடக்கிறது.

நீ ஓடவில்லை, நடந்து போனாய். ஈரத் துவாயைக் கொண்டுபோய், நல்ல சிங்களத்தில் அந்த ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டு, புதிதாகத் தேத்தண்ணி வைத்துவிட்டு, தர்ஷினியைத் தோளில் பிடித்து உள்ளே கூட்டி வந்தாய். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் சிரித்தாய் பார், சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பூட்டு. போச்சு, எல்லாம் போச்சு என்று ஒரு துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

மாத்தயா வந்தார். நான் சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை, ஆனால் முகம் அதைத்தான் சொன்னது. குசினியில் ஏதாவது பார்க்கட்டும், முன்பக்கம் இதோடு சரி என்றார். நீ சிரிப்பை நிறுத்தினாய்.

"மாத்தயா, போன சீசன்ல புதுசா வந்த வெயிட்டர் தம்பி வெள்ளக்காரி முதுகுல சூப்பக் கொட்டினாரு. நீங்க என்னா செஞ்சீங்க?"

"எச்சரிக்கை கொடுத்தேன்."

"அவரு இப்ப எங்க வேலை செய்றாரு?"

"சாப்பாட்டு அறையில்."

"அப்ப இவளுக்கும் எச்சரிக்கை குடுங்க. எழுத்துல குடுங்க. மத்தவங்க தப்பு செஞ்சா தப்பு. இவ செஞ்சா மட்டும் இவளே தப்பா? இவ இன்னைக்குப் பின்னால போனா, நானும் என் சாமான எடுத்துக்கிட்டுப் பின்னாலயே போயிர்றேன். சீசனுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க."

அவர் உன்னைப் பார்த்தார், தர்ஷினியைப் பார்த்தார், திரும்பிப் போனார். மறுநாள் உண்மையாகவே எச்சரிக்கைக் கடிதம் வந்தது, சிங்களத்தில், அவள் பேருக்கு. அதை வாங்கி அவள் அம்மா சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்ததைச் சொல்லி நாம் எத்தனை தடவை சிரித்திருப்போம்! வேலையில் இருக்கிற ஆளுக்குத்தான் எச்சரிக்கை கொடுப்பார்கள் என்று நீதான் அந்த அம்மாவுக்கு விளக்கினாய்.

தர்ஷினியிடம் நீ பூசி மெழுகவில்லை. "அது தப்பு. நம்ம வீட்டுல சரி, இங்க தப்பு" என்றாய். அப்புறம் நீ செய்ததுதான் கூத்து. ஹோட்டலில் வேலை செய்கிற அத்தனை பேரையும் ஓய்வு நேரத்தில் வரிசையாக நிற்க வைத்தாய். சமையல்காரர், காவலாளி, தோட்டக்காரர், சூப் கொட்டிய வெயிட்டர் தம்பி எல்லாரும் உள்ளங்கையை நீட்ட வேண்டும், தர்ஷினி "சரிங்க" என்று சொல்லிக் கரண்டியைத் திரும்பக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். முதல் சுற்றில் எல்லார் கையிலும் சீனி. எறும்பு வந்ததுதான் மிச்சம். நீ சளைக்கவில்லை. நாட்கள் போகப் போக அவளே சிரிக்கத் தொடங்கினாள். யாராவது கை நீட்டினால், "இங்க வேணாம்னு அர்த்தம். வீட்டுல வேணும்னு அர்த்தம்" என்று எங்களுக்கே பாடம் சொன்னாள். ஒருநாள் மாத்தயா அந்த வழியாக வந்தவர், போகிற போக்கில் தானும் கையை நீட்டிப் பார்த்தார். "சரிங்க" என்றாள். அவர் முகத்தில் சிரிப்பு வந்ததை நீ பார்க்காத மாதிரி நின்றாய்.

அப்படித்தான் அவள் அந்த விறாந்தையில் நிலைத்தாள். தினமும் காலையில் அவளுடைய தோட்டத்துச் சந்தியில் நீ வரும் பஸ்ஸில் ஏறிக்கொள்வாள். பின்னேரம் நீயே கொண்டுவந்து அம்மாவிடம் விடுவாய். அந்த அம்மா பூட்டை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

இதையெல்லாம் செய்துகொண்டு திரிந்தவள், உன் வயிற்றில் இருந்த கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாயாடி? இளைத்துப் போயிருக்கிறாயே என்றால், "டயட்டு" என்றாய். வலிக்குதா என்றால், "ஒன் மூஞ்சியப் பாத்தா வலிக்குது" என்றாய். பதுளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ கிடந்தபோதுதான் எனக்கு முழுதும் தெரியவந்தது. அப்போதும் தாதியிடம் விரிப்பு மடிப்புச் சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டு கிடந்தாய். எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமா? சாகப்போகிறவளிடம் கோபப்படக்கூடாது என்று வெளியே விறாந்தைக்கு வந்து அழுதுவிட்டு உள்ளே போவேன். உள்ளே போனால் நீ என் மூக்கைப் பார்த்துச் சிரிப்பாய். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. இப்போதும் சொல்கிறேன், நீ செய்தது சரியில்லை.

நீ போன பிறகு தர்ஷினியிடம் யாரும் சொல்லவில்லை. "புரியாதுங்க டீச்சர், பயந்துரும்" என்றார் அவள் அம்மா. அக்கம்பக்கத்தார் சேர்ந்து, அக்கா டுபாய்க்குத் திரும்பப் போய்விட்டதாகச் சொல்லி வைத்தார்கள். அவள் நம்பவில்லை. வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு சந்தியில் நின்றாள். பஸ் வரும், நீ இருக்க மாட்டாய், போய்விடும். அவள் திரும்பி வீட்டுக்கு வருவாள். அப்படியே நாட்கள் போயின. ராஜேஸ்வரி அம்மா என்னைத் தேடி வந்தார். "அந்தம்மா இல்லாம யாரு கூட்டிக்கிட்டுப் போவா, யாரு பாத்துக்குவா? வேலை போதும் டீச்சர். வீட்டுலயே இருக்கட்டும்" என்றார். வீட்டுலயே என்றால் என்னவென்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அன்று பின்னேரமே லயத்துக்குப் போனேன். தர்ஷினி காம்பரா வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படி எப்படியோ சொல்ல யோசித்துக்கொண்டு போயிருந்தேன், கடைசியில் நேராகவே சொன்னேன்.

"அக்கா டுபாய் போகல தர்ஷினி. செத்துப் போயிட்டாங்க" என்றேன்.

"எனக்குத் தெரியும். டுபாய் போனா சொல்லிட்டுப் போவாங்க" என்றாள். பிறகு அழுதாள். வாயைத் திறந்து, தோட்டமே கேட்கிற மாதிரி, உன் பேரைச் சொல்லி அழுதாள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் வந்து நின்றார்கள். அவள் அம்மா என்னைக் கோபமாகப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. உன் சாவுக்கு வந்தவர்களில் அப்படி ஒருவரும் அழவில்லையடி, நான் உட்பட. அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, "அப்ப நாளைக்கு அக்கா ரூமெல்லாம் யாரு பாப்பா?" என்று கேட்டாள். வேறொரு அக்காவைப் போட்டிருக்கிறார்கள் என்றேன். "தேத்தண்ணி?" என்றாள். அவளே, "அது நான்தானே" என்றாள்.

நான் அங்கிருந்தே மாத்தயாவுக்கு ஃபோன் பண்ணினேன். பேசுவதற்கு முன்பே கெஞ்சுவதற்குத் தயாராகிவிட்டேன். அவர், "அவள் ஏன் இத்தனை நாள் வரவில்லை? லீவு சொல்ல வேண்டாமா?" என்று கேட்டார். எனக்கு அந்த மனுஷரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிவிட்டு, அவளை நானே கூட்டிப் போவதாக அந்தச் சந்திக்கு வந்தேன். ராஜேஸ்வரி அம்மா பெரட்டுக்குப் போகாமல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் வந்தது. நான் முதலில் ஏறப் போனேன். தர்ஷினி கையை அம்மாவிடமிருந்து உருவிக்கொண்டு, எனக்கு முன்னால் வந்து, மிதிபலகையில் ஏறி நின்று வழியை மறித்தாள்.

"நீங்க வேணாம் டீச்சர். ஒங்களுக்கு ஸ்கூல் இருக்கு."

"நீ தனியா எப்படி..."

"எனக்கு வேலை இருக்கு" என்றாள். கண்டக்டர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் உள்ளே போய், ஜன்னலோரமாக உட்கார்ந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பஸ் நகர்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தவளாகத் தலையை வெளியே நீட்டி, "போயிட்டு வாறேன்" என்று கத்தினாள்.

கூடவே ஓடி ஏறிவிடலாம் என்று என் கால் துடித்தது. அந்த மலைப்பாதையில் பஸ் எவ்வளவு மெதுவாகப் போகும் என்று உனக்குத் தெரியும், எட்டிப் பிடித்திருக்கலாம். ராஜேஸ்வரி அம்மா என் கையைப் பிடித்தார், நானும் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் அழுதோம், இரண்டு பேரும் ஓடவில்லை. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ள எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்தக் கையை விட்டுவிட்டுச் சந்தியிலேயே நிற்பதுதான் எனக்கு வராமல் இருந்தது. இப்போது வருகிறதடி. ஒரு பிள்ளை தனியாகப் போகும் ஒவ்வொரு தடவையும் வலிக்கிறது, இருந்தாலும் நிற்கிறேன்.